மூன்றாம் ஓலை

அத்தியாயம் 9

போன வாரம் எழுதியதில் ஒரு திருத்தம். இரண்டாம் ஓலை வாசித்தபோது நான் அழவில்லை என்று எழுதியிருந்தேன். அது சரியில்லை. அழுதேன். பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மராத்தி ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். ஆராதனைக்கு நடுவில் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் சொல்லி, தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று சபையைக் கேட்பது. வாசிப்பது காகிதத்தைத்தான். திருநெல்வேலியிலிருந்து வந்த பெயர் மட்டும் மாறாமல் ஓலை என்றே இருக்கிறது. வாசிப்பவர் சபைச் செயலாளரான என் அப்பா இன்பநாதன்.

இந்த ஜூலையில் அப்பா வாசித்த பெயர்கள் இரண்டு. ஒன்று, விஷ்ராந்த்வாடியில் இருக்கும் என் பெரியம்மா மகள் டோரீன் அக்கா. மற்றது நார்மன்.

பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நார்மன். என்னோடு கேம்ப் பகுதியில் மாலை நேர ஆங்கில வகுப்பில் படிக்கும் நார்மன். மார்ச் மாதம் பிம்ப்ரி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, கையில் பாதி கடித்த வடா பாவோடு, "ஈஸ்டர் கழிச்சு உங்கப்பாவ வந்து பாக்கேன்" என்று என்னிடம் சொன்ன நார்மன்.

ஈஸ்டர் போயிற்று. மாம்பழம் வந்து போயிற்று. மழை வந்தது. அப்பாவின் வாயிலிருந்துதான் நான் அந்தப் பெயரைக் கேட்டேன், வேறொரு பெயரோடு சேர்த்து. பஸ் ஸ்டாண்டில் நார்மன் சொன்னது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் டோரீனுக்கும் தெரியாது.

இந்த ஞாயிறு மூன்றாம் ஓலை. இதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

*

விடிந்தபோது அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

முந்தின நாள் மழையில் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தது காரணம் என்று அம்மா சொன்னாள். இன்றைக்குக் கூட்டாராதனை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைத்தேன். மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் தமிழ், மராத்தி, இங்கிலீஷ் சபைகள் மூன்றும் ஒன்றாகக் கூடும். அன்று ஓலையை இங்கிலீஷில்தான் வாசிக்க வேண்டும். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். இங்கிலீஷ் சபைக்காரர்களுக்கு முன்னால் வாசிக்கத்தான் பயம்.

நான் மேஜையில் வகுப்புப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் பட்டாபிராமன் சார் கொடுத்த வினைச்சொல் 'அப்ஜெக்ட்'. ஆட்சேபிப்பது.

"அப்ஜெக்ட் தனியா வெளியில வராது. 'டு'வோட கையைப் பிடிச்சுண்டுதான் வரும், புதுப் பொண்ணு மாதிரி" என்று சார் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நார்மன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சிரித்தேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சாருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வாக்கியம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, உண்மையாகவும் இருக்க வேண்டும். "உங்காத்துல நடந்ததா? நடக்கலைன்னா அடிச்சுடுவேன்" என்பார். பொய் வாக்கியத்தின் மேல் சிவப்புக் கோடு விழும்.

அதனால் நான் வீட்டில் நடந்ததை எழுதினேன். ஈரக் குடையை உள்ளே விரித்து வைப்பதை அம்மா ஆட்சேபிக்கிறாள். எங்கள் டிரங்குப் பெட்டியை ஏற்றிக்கொள்ள ரிக்ஷாக்காரர் ஆட்சேபித்தார். பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா எதையுமே ஆட்சேபிப்பதில்லை, எங்கள் ரேடியோவைத் தவிர. கடைசி வாக்கியத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

அப்பா ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது. போதகரை அப்பா ஐயர் என்றுதான் சொல்வார்.

"ஐயரு... பழைய புத்தகத்து இங்கிலீஷ் வேண்டாம்ன்னாரு. எல்லாருக்கும் வெளங்குத மாதிரி எழுதிட்டு வரச் சொன்னாரு. சரியாண்ணு பாரும்மா."

பார்த்தேன். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. டோரீன் பெயர், நார்மன் பெயர், இரு வீட்டார் பெயர். பிறகு, 'இஃப் எனிபடி அப்ஜெக்ட்ஸ் திஸ் மேரேஜ்' என்று இருந்தது.

என் பேனா தானாக நடுவில் ஒரு 'டு' சேர்த்தது.

சேர்த்த பிறகுதான் எதைத் திருத்தினேன் என்று எனக்கு உறைத்தது.

அப்பா குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. சமையல்கட்டைப் பார்த்து, வராத குரலில், "வேதமணி! இங்க வந்து பாரு. இதுக்குத்தான் இவள க்ளாஸுக்கு அனுப்புனேன்" என்றார்.

"தொண்டைய அலட்டாதிங்க" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "கோயில்ல போயி எப்படி வாசிப்பிய? காக்கா கத்துத மாதிரில்லா இருக்கு."

அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு பரிசு கொடுப்பவரைப் போல இருந்தது அந்தப் பார்வை.

"நீ வாசி."

"நானா? வேண்டாம்ப்பா. தப்பு வந்துரும்."

"நீ எழுதுனதுல தப்பு கண்டுபிடிக்க அந்தச் சபையில ஆளு கெடையாது. ஐயர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"அப்பா, எனக்கு..."

"ஒனக்கு என்ன?"

அந்தக் கேள்விக்கு இரண்டு வாரமாக நான் ஒரு பதில் வைத்திருந்தேன். ஒரு வாக்கியம்தான். அம்மா உள்ளேயிருந்து, "அக்கா கல்யாணத்துக்கு நீ வாசிக்காம வேற யாரு வாசிப்பா?" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

*

கோயில் வாசலில் குடைகள் மலைபோல் குவிந்திருந்தன. மராத்திச் சபையின் பெண்கள் பச்சை வளையல் குலுங்கச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். டோரீன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அரே எல்சி! நீயா படிக்கப் போற? சித்தப்பா இப்பத்தான் கைஜாடையில சொன்னாங்க. பஹுத் அச்சா! என் பேர ஒழுங்கா சொல்லு, ஆமா. போன சண்டே சித்தப்பா 'டொரினு'ன்னு சொன்னாங்க. ஏதோ டானிக் பாட்டில் பேர் மாதிரி இருந்துச்சு."

"ஒழுங்கா சொல்லுதேன்."

"கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"மழை."

டோரீன் என் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் இப்படித்தான் தேய்ப்பாள். அவளை வெறுக்க முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான் முயன்றும் பார்த்தேன்.

அவள் பெரியம்மாவோடு உள்ளே போன பிறகு, தூண் ஓரத்திலிருந்து நார்மன் வந்தார். புதுச் சட்டை. மடிப்பு கலையவில்லை.

"எல்சி, நீ வாசிக்காத. முடியாதுன்னு ஒங்கப்பாட்ட சொல்லிரு."

"நீங்க எங்கப்பாட்ட ஒண்ணு சொல்லுதேன்னு சொன்னிய. அத சொன்னியளா?"

அவர் தன் சட்டை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. டோரீன் வீட்டுக்கு அவங்க வாக்குக் குடுத்துட்டாங்க. நான் என்ன செய்ய?"

"ஈஸ்டர் கழிச்சுன்னு சொன்னிய. எந்த ஈஸ்டர்னு நாந்தான் கேக்காம விட்டுட்டேன்."

இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்று நிச்சயமில்லை. ஆனால் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்க எனக்கு விருப்பம்.

*

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வேறு எங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

ஓலை வாசிப்பவர் தடை உண்டா என்று கேட்டுவிட்டு உடனே அடுத்ததற்குப் போகக் கூடாது. மனதுக்குள், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை ஒரு தரம் முழுவதும் சொல்லி முடிக்க வேண்டும். அதுவரை நிசப்தம். யாராவது எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த இடைவெளி அவர்களுக்கு. பெஞ்சில் இருப்பவர்களும் கூடவே மனதுக்குள் அதைச் சொல்வார்கள். அதனால் அந்த நிசப்தத்தின் நீளம் எங்கள் சபையில் குழந்தைக்கும் தெரியும்.

பாட்டு முடிந்தது. போதகர் எனக்குத் தலையசைத்தார். நான் வாசிப்பு மேடையில் ஏறினேன்.

முன் பெஞ்சில் அப்பா, தொண்டையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் பிறந்த அன்று எப்படி இருந்திருப்பாரோ அப்படி இருந்தார். வலது பக்கம் பெண்களில் டோரீன். இடது பக்கம் ஆண்களில் நார்மன்.

டோரீன் பெயரை ஒழுங்காகச் சொன்னேன். அவர் பெயரையும் ஒழுங்காகச் சொன்னேன். மூன்றாவதும் கடைசியுமான முறையாகக் கேட்கிறேன் என்று வாசித்தேன். இந்தத் திருமணத்தை யாரேனும் ஆட்சேபித்தால் இப்போது சொல்லட்டும் என்று வாசித்தேன். 'அப்ஜெக்ட்ஸ்' சொன்னேன். அதன் கையைப் பிடித்து 'டு' வந்தது. பட்டாபிராமன் சார் இருந்திருந்தால் குறை சொல்லியிருக்கமாட்டார்.

பிறகு நிறுத்தினேன்.

மேலே ஓட்டில் மழை. பின்னால் ஒரு குழந்தையின் இருமல். நான் மனதுக்குள் ஜெபத்தைத் தொடங்கினேன்.

அந்தப் பெரிய இடத்தில் சொல்ல ஏதோ ஒன்று வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். கேட்டவளும் நான்தான். கேட்டவளே பதில் சொல்லலாமா என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கும் வரியைத் தாண்டினேன். அடுத்து, எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்ற வரி. அதில் போய் நின்றுவிட்டேன்.

தாண்ட முடியவில்லை. திரும்பவும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனேன். திரும்பவும் அதே இடத்தில் கால் நின்றது. உதடு திறந்திருந்தது என்று பிறகு அம்மா சொன்னாள்.

பெஞ்சுகளில் அசைவு தெரிந்தது. எல்லோரும் ஜெபத்தை முடித்துவிட்டார்கள். பாட்டுப் புத்தகங்கள் மூடும் சத்தம். பெரியம்மா பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ கேட்டாள்.

நான் காகிதத்தில் இடத்தைத் தவறவிட்டேன் என்று அப்பா நினைத்தார். ஒரு விரலைத் தூக்கி, அடுத்த வரி, அடுத்த வரி என்று காற்றில் கோடு போட்டுக் காட்டினார். நான் காகிதத்தைப் பார்க்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் எங்கே பார்க்கிறேன் என்று மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

நார்மன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் விரல் இறங்கியது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு எனக்கு அடுத்த வரியைக் காட்டவில்லை. சும்மா இருந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்பதுபோல, சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும்போதும், அப்பா சும்மா இருந்தார்.

நார்மன் ஒரே ஒரு தரம் நிமிர்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று எழுதினால் அது பொய்யாகும்.

அவர் நிமிரவில்லை.

அந்த வரியைச் சொல்லாமலே தாண்டி, மிச்சத்தை முடித்து, "ஆமென்" என்று சத்தமாகச் சொன்னேன். தடை ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டு இறங்கினேன். படியில் கால் தடுக்கவில்லை. அதை ஒரு சாதனையாக நினைத்துக்கொண்டேன்.

*

மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு. நான் இரண்டு வாய் சாப்பிட்டேன்.

"மேடையில ஏறுனதும் பயந்துட்டா பிள்ள" என்றாள் அம்மா. "வாயத் தொறந்துட்டு அப்படியே நின்னா. பேசாம நீங்களே கரகரன்னு வாசிச்சிருக்கலாம்."

அப்பா அவளைக் கையமர்த்தினார்.

அம்மா பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோன பிறகு, அப்பா நாற்காலியை என் மேஜை பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெந்நீர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

"எப்ப இருந்தும்மா?"

"மார்ச்ல இருந்து."

"அவன் ஏதும் சொன்னானா?"

"ஒங்கள வந்து பாக்கேன்னு சொன்னாரு."

அப்பா தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு ஓலையும் நாந்தான வாசிச்சேன். இந்த வாயாலதான." காற்றாக வந்த அந்தக் குரல் இடையில் உடைந்தது. "மொத ஓலைக்கு முந்துன ராத்திரி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வாசிச்சிருப்பேனா?"

"முந்துன ராத்திரி எனக்கே தெரியாதுப்பா. நீங்க வாசிச்சப்பத்தான் தெரிஞ்சுது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா டம்ளரை மேஜையில் வைத்த வேகத்தில் வெந்நீர் வேட்டியில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை.

"அப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. சரியாப் போயிரும்."

"வாசிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க எவ்வளவு சந்தோசமா இருந்திய."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். மஃப்ளரின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார். ஜலதோஷம் பிடித்தவர் மூக்கைத் துடைப்பதுபோலவே துடைத்தார். அந்த ஒரு வித்தையில் அவருக்கு நிம்மதி கிடைத்திருந்தால் சரி.

"நாளைக்குக் காலையில ஐயரு கூப்பிடுவாரு" என்றார் கடைசியில். "மூணு ஓலையும் முடிஞ்சிட்டு, தடை ஒண்ணும் வரல்லன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். செக்ரட்டரி கையெழுத்து இல்லாம கல்யாணம் நடக்காது."

"போட்டிருங்கப்பா."

"தடை வரல்லன்னு எப்படிம்மா எழுதுவேன்? நான் அங்கதான இருந்தேன். பாத்தேன்லா."

"நான் ஒண்ணும் சொல்லல்லையே."

"ஆமா" என்றார் அப்பா. "ஒண்ணும் சொல்லல்ல."

அவர் எழுந்து போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் பாட நோட்டைத் திறந்தேன். நாளை மாலை சார் கேட்பார். கடைசி வாக்கியத்துக்கு விட்டிருந்த இடத்தில், அக்காவின் கல்யாணத்தை நான் ஆட்சேபிக்கவில்லை என்று இங்கிலீஷில் எழுதினேன். இலக்கணம் சரியாக இருந்தது. சார் கண்ணாடிக்கு மேலே பார்த்து, உங்காத்துல நடந்ததா என்று கேட்பது காதில் விழுந்தது. அடித்தேன். நான் ஆட்சேபித்தேன் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். நாளைக்கு அதே அறையில், இரண்டு பெஞ்சு தள்ளி நார்மனும் தன் வாக்கியங்களோடு உட்கார்ந்திருப்பார். அவர் எதை எழுதிக்கொண்டு வருவார் என்று யோசித்தேன். அந்த யோசனையையும் அடித்துவிட முடிந்தால் நல்லது.

*

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ரிக்ஷா நின்றது. டோரீன்.

"சித்தி, சாயா போடுங்க, நனைஞ்சுட்டேன்! சித்தப்பா, தொண்டை எப்படி இருக்கு? பேசாதீங்க, பேசாதீங்க, தலைய மட்டும் ஆட்டுங்க." வழக்கமான டோரீன்தான். கையில் ஒரு பொட்டலம். பிரித்து அம்மாவிடம் காட்டினாள். இளநீலத் துணி. கல்யாணத்தில் அவளுக்குத் தோழியாக நான் நிற்கும்போது உடுத்த.

"எல்சிக்கு அளவு பாக்கணும். வா" என்று என்னை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்தினாள். துணியை என் தோளில் போட்டாள். பின்னால் தள்ளி நின்று பார்க்கவில்லை. நீலம் எனக்குப் பொருந்துகிறதா என்று ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாரும் நீ பயந்துட்டேன்னு சொல்றாங்க" என்றாள். சிரிப்பு போயிருந்தது. "அம்மா சொல்றாங்க, ஆண்ட்டிங்க எல்லாம் சொல்றாங்க. நார்மன்கிட்ட கேட்டேன். அவரும் அதான் சொன்னாரு. ரொம்ப சீக்கிரமா சொன்னாரு."

நான் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"சண்டே ஸ்கூல்ல ஒரே பெஞ்சில உக்காந்து நாம ரெண்டு பேரும் அந்த ஜெபம் படிச்சோம். ஒன் ஸ்பீடு எனக்குத் தெரியும், எல்சி. மத்தவங்களுக்குத் தெரியாது." அவள் என் கையைப் பிடித்தாள். இந்த முறை அவள் கைதான் ஜில்லென்று இருந்தது. "நான் சொல்லி முடிச்சுட்டேன். நீ அப்பவும் அப்படியே நின்ன. மறுபடியும் ஆரம்பிச்சேன். பாதி வந்த அப்புறம்தான் நீ ஆமென் சொன்ன."

வெளியே அப்பாவின் கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்காரும் சத்தம்.

"சொல்லு" என்றாள் டோரீன். "நீ எந்த வரியில நின்ன?"